மதராஸில் பிறந்த தாளக்காரர்

ஏற்காட்டுக்கு வருகிற பயணிகள் ஏரியில் படகு விட்டு, பகோடா முனையில் சற்று நேரம் நின்று, இருட்டிய பின் சேலத்து விளக்குகளை மேலிருந்து பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். மழைக்காலத்து மாலைகளில் பள்ளி விடுதிகளின் பக்கமாக நடக்கிறவர்களுக்கே இம்மலையின் இன்னொரு முகம் தெரியும். மூடுபனிக்குள் எங்கிருந்தோ ஒரு பியானோ தடுமாறித் தடுமாறி ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அதற்கப்பால் அணிவகுப்புக்குப் பயிலும் சிறுவர்களின் மேள ஒலி கேட்கும்.

சேர்வராயன் மலைக்கு இந்த மேற்கத்திய இசை காப்பியோடு வந்தது எனலாம். 1820-களில் சேலத்து ஆட்சியராயிருந்த காக்பர்ன் இங்கே காப்பிச் செடியை நட்டார். அவருக்குப் பின்னே வெள்ளைத் தோட்டக்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கும், இரயில்வேயிலும் தந்தி அலுவலகங்களிலும் பணியாற்றிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குமாக விடுதிப் பள்ளிகள் எழுந்தன. க்ளூனி புனித சூசையப்பர் சபை அருட்சகோதரிகளின் திரு இருதயப் பள்ளியும், மான்ட்போர்ட் சகோதரர்கள் 1917-இல் தொடங்கிய பள்ளியும் அவற்றுள் நம்மவர் நன்கறிந்தவை. இப்பள்ளிகளில் பாடமும் செபமும் போலவே இசையும் அன்றாட ஒழுங்கில் ஒன்றாக இருந்தது. 1947-க்குப் பின் அப்பிள்ளைகளில் பலர் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினர். பியானோக்கள் இங்கேயே நின்றுவிட்டன.

எங்கள் வீட்டுக்கு மேலே, தோட்டத்து வேலியோரம், ஓர் ஆங்கிலோ இந்திய மூதாட்டி வாழ்ந்து வந்தார். குடும்பமெல்லாம் கடல் கடந்த பின்னும் இம்மலையைவிட்டு அகலாதவர். பியானோ கற்பிப்பதே அவர் பிழைப்பு. என் பிள்ளைப் பருவத்தில் ஒருநாள் வானொலியில் பீட்டில்ஸ் பாடலொன்று ஒலித்தது. உலகமே கொண்டாடும் அந்தக் குழுவில் தாளம் வாசித்தவர் பிறப்பால் மதராஸ்காரர் என்றும், புகழ் வருவதற்குச் சற்று முன்னே அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றும் அவர் சொன்னார். மூதாட்டி கதை கட்டுகிறார் என்றே அன்று நினைத்தேன். பல ஆண்டுகள் கழித்து நூல்களைப் புரட்டியபோது, அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை என்று கண்டேன். அன்று நம்பாமற் போனதற்கு ஒரு பரிகாரமாகவே இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் பெயர் பீட் பெஸ்ட். 1941 நவம்பர் 24 அன்று மதராஸில் பிறந்தார். தாய் மோனா டெல்லியில் பிறந்தவர், ஐரிஷ் வழிவந்த இராணுவக் குடும்பத்துப் பெண். குழந்தையின் தந்தை ஒரு கப்பல் பொறியாளர், போரில் மறைந்தார். அக்காலத்து மதராஸை நம் மூத்தோர் நினைவுகூர்வார்கள். 1942 ஏப்ரலில், உயிர்ப்பு ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அடுத்தது மதராஸ்தான் என்ற அச்சத்தில் நகரமே மூட்டை கட்டியது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. அந்தக் குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம்கூட நிறையவில்லை.

பின்னர் மோனா, லிவர்பூல் நகரைச் சேர்ந்த இராணுவ அதிகாரி ஜானி பெஸ்ட் என்பவரைச் சந்தித்தார். 1944 மார்ச்சில் பம்பாயில் புனித தோமையார் பேராலயத்தில் அவர்கள் மணந்துகொண்டனர். மறு ஆண்டு இரண்டாவது மகன் பிறந்தான். ஆசியப் போர்முனையிலிருந்து திரும்பும் வீரர்களை ஏற்றிய ஜார்ஜிக் என்ற கப்பலில் நால்வரும் புறப்பட்டு, ஏறத்தாழ நான்கு வாரப் பயணத்துக்குப் பின், 1945 கிறிஸ்துமஸ் நாளன்று லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கினர். வெயிலிலே வளர்ந்த நான்கு வயதுச் சிறுவன் அந்த டிசம்பர்க் குளிரையும் குண்டுவீச்சில் இடிந்த தெருக்களையும் எப்படிப் பார்த்திருப்பான் என்பதை, ஏற்காட்டுப் பனியைக்கூடத் தாங்க மாட்டாத சமவெளிக்காரர்கள் எளிதில் ஊகிக்கலாம்.

அந்த லிவர்பூலைப் பற்றி ஓரிரு சொல். அது துறைமுக நகரம். அட்லாண்டிக் கடலைக் கடந்து நியூயார்க் சென்று திரும்பும் கப்பல் பணியாளர்கள் அமெரிக்க இசைத்தட்டுகளைப் பெட்டிகளில் கொண்டுவந்தார்கள். 1956 அளவில் ஸ்கிஃபிள் என்ற எளிய இசை இங்கிலாந்துச் சிறுவர்களைப் பற்றிக்கொண்டது. மலிவான ஒரு கிட்டார், துணி துவைக்கும் பலகையை விரலுறையால் உரசும் தாளம், தேயிலைப் பெட்டியில் கழியும் கயிறும் பூட்டிச் செய்த ஒரு வாத்தியம் ஆகியவையே போதும். சங்கீதம் கற்றிருக்க வேண்டியதில்லை. மற்றொரு காரணத்தை வரலாற்றாசிரியர்கள் அவ்வளவாக வலியுறுத்துவதில்லை. எனக்கோ அது பெரிதாகப் படுகிறது. போருக்குப் பின்னும் இங்கிலாந்தில் கட்டாய இராணுவச் சேவை இருந்தது. 1939 அக்டோபருக்குப் பின் பிறந்தவர்களுக்கு அது நீங்கிற்று. 1940-இலும் அதற்குப் பின்னும் பிறந்த நம் கதாபாத்திரங்கள் சில ஆண்டுகள் முந்திப் பிறந்திருந்தால், கிட்டாரைத் தூக்கும் வயதில் துப்பாக்கியைத் தூக்கியிருப்பார்கள். குழுவும் நான்கு பாசறைகளுக்குச் சிதறியிருக்கும்.

ஜான் லெனான் என்ற பள்ளிச் சிறுவன் தன் பள்ளியின் பெயரைத் தழுவி குவாரிமென் என்றொரு ஸ்கிஃபிள் குழுவை அமைத்திருந்தான். 1957 ஜூலை 6 அன்று வூல்டன் என்ற புறநகரில் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த புனித பேதுரு ஆலயத்தின் தோட்டத் திருவிழாவில் அக்குழு வாசித்தது. அங்கே நண்பன் ஒருவன் 15 வயதான பால் மெக்கார்ட்னியை அழைத்துவந்து அறிமுகம் செய்துவைத்தான். நம் ஊர்களில் பங்குத் திருவிழாவன்று மேடையேறும் பாட்டுக் கச்சேரியை நினைத்துக்கொள்ளுங்கள், அப்படியொரு நாள்தான். மறு ஆண்டு பாலின் பள்ளித் தோழன் ஜார்ஜ் ஹாரிசன் சேர்ந்தான். பால், ஜார்ஜ் இருவருடைய தாய்மாரும் கத்தோலிக்கர். இருவரும் நம் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றவர்கள். பாலின் தாய் 1956-இல் புற்றுநோயால் மறைந்தார். ஜானின் தாய் 1958-இல் சாலை விபத்தில் இறந்தார். தாயற்ற இரு சிறுவர்களின் நட்பு அது என்பதை மறந்துவிட்டால் பின்னர் நிகழ்ந்தவற்றில் பாதி விளங்காது.

தாயற்ற அப்பிள்ளைகள் இனிச் சென்று சேரும் வீட்டில் ஒரு தாய் இருந்தார். அவர்தாம் மோனா பெஸ்ட். வெஸ்ட் டெர்பி என்ற பகுதியில், ஹேமன்ஸ் கிரீன் தெருவில் 8-ஆம் எண் வீடு பெரிய பழைய மாளிகை. அதை அவர் வாங்கிய விதமே தனிக் கதை. 1954-இல் டெர்பி குதிரைப் பந்தயத்தில், நெவர் ஸே டை என்ற குதிரையின்மேல், தம் நகைகளை அடகு வைத்துப் பணம் கட்டினாராம். ஒன்றுக்கு முப்பத்து மூன்று என்ற விகிதத்தில் அக்குதிரை வென்றது. அந்தப் பணமே பின்னர் வீட்டுக்கு உதவிற்று என்று அக்குடும்பத்தார் சொல்லி வருகின்றனர். குதிரைப் பந்தயத்தை இப்பக்கங்களில் புகழ்வது முறையன்று; ஆயினும் அக்குதிரை தோற்றிருந்தால் இருபதாம் நூற்றாண்டின் இசை வரலாறு வேறு பாதையில் போயிருக்கலாம் என்பதையும் மறைக்க முடியவில்லை.

அவ்வீட்டின் அடித்தளத்தில் நிலக்கரி சேமிக்கும் அறைகள் இருந்தன. மகனுக்கும் அவன் நண்பர்களுக்குமாக மோனா அவற்றைத் துப்புரவு செய்து, கஸ்பா காப்பிக் கழகம் என்று பெயரிட்டு, 1959 ஆகஸ்ட் 29 அன்று திறந்தார். மது இல்லை. காப்பியும் தின்பண்டமும் பாட்டுமே. முதல் நாள் வாசிக்க அமர்த்தப்பட்டவர்கள் குவாரிமென் குழுவினர். திறப்பதற்கு முன் சுவருக்கும் கூரைக்கும் வண்ணம் பூசும் வேலையிலும் அவர்களை மோனா ஏவிவிட்டார். பால் தீட்டிய வானவில் கூரையும் ஜான் வரைந்த கோலங்களும் அங்கே பாதுகாக்கப்பட்டன. 2006-இல் அக்கட்டடம் அரசின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சில வாரங்களில் ஒரு பூசல். உடல்நலமின்றி வாசிக்காமலிருந்த ஒருவருக்கும் மோனா 15 ஷில்லிங் பங்கைக் கொடுத்துவிட்டார் என்று மற்றவர்கள் கோபித்து வெளியேறினர். பங்குப் பாடகர் குழுவில் ஒருமுறையேனும் இருந்தவர்களுக்கு இது புதுமையாய்த் தோன்றாது.

பீட் அக்கழகத்தில் தம் நண்பர்களோடு வேறொரு குழு அமைத்து டிரம்ஸ் வாசிக்கத் தொடங்கினார். ஜான் குழுவுக்கோ நிலையான தாளக்காரர் எவரும் வாய்க்கவில்லை. தாளம் எங்கே என்று கேட்கிற அரங்க உரிமையாளர்களிடம், தாளம் எங்கள் கிட்டார்களுக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லிச் சமாளிப்பார்களாம். 1960 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாசிக்க ஒப்பந்தம் கிடைத்தது. டிரம்ஸ் இன்றிப் போக முடியாது. பீட்டிடம் சொந்த வாத்தியம் இருந்தது, வாசிக்கவும் தெரிந்தது. சில நாட்களுக்குள் எல்லாம் முடிவாகி, ஆகஸ்ட் 16 அன்று அவர்கள் புறப்பட்டனர். பீட்டில்ஸ் என்ற பெயர் நிலைத்ததும் அந்நாட்களில்தான். ஜான், பால், ஜார்ஜ், ஓவியம் பயின்ற ஸ்டூவர்ட் சட்கிளிஃப், பீட் ஆகிய ஐவர்.

ஹாம்பர்க்கில் அவர்கள் தங்கிய இடம் ஒரு பழைய திரையரங்கின் பின்புறத்துக் கிடங்கு. சன்னல் இல்லை, கழிவறைக்கு அடுத்த சுவர். வாசித்த இடமோ துறைமுகத்துக் கப்பல்காரர்கள் குடித்துவிட்டு அடித்துக்கொள்ளும் தெருவில். இந்திரா என்ற விடுதியில் 48 இரவுகள். பின்னர் கைசர்கெல்லர் என்ற பெரிய விடுதி. ஓர் இரவுக்கு நான்கரை மணி நேரம், வார இறுதியில் ஆறு மணி நேரம். பெயர் இந்திராவாக இருந்ததும், அதில் தாளம் வாசித்தவர் இந்தியாவில் பிறந்தவராக இருந்ததும் தற்செயலே. ஆனால் அந்த நீண்ட இரவுகளில்தான் குழு உருவாயிற்று. அறிந்த பாட்டெல்லாம் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மீதி நேரத்துக்கு நீட்டி வாசிக்கவும் புதிதாகக் கற்கவும் வேண்டும். குடிகாரர்களைத் திரும்பிப் பார்க்கவைக்கும் வன்மையான தாளமும் வேண்டும். பீட் தம் காலால் பெரிய மேளத்தை ஒவ்வொரு அடிக்கும் இடைவிடாது அதிரவைத்தார். நம் ஊரில் தேர் வடம் பிடிக்கும்போது மேளம் எதற்கோ அதற்கு நிகரான வேலை அது. நுணுக்கம் குறைவு, கூட்டத்தை நகர்த்தும் ஆற்றல் மிகுதி.

அந்தப் பயணம் நல்லபடி முடியவில்லை. ஜார்ஜுக்கு 17 வயதே ஆயிற்று என்று காவல்துறை கண்டுபிடித்து நாடு கடத்தியது. பாலும் பீட்டும் கிடங்கைக் காலி செய்கையில் இருட்டில் எதையோ கொளுத்தி வெளிச்சம் தேடியதற்குத் தீவைப்புக் குற்றம் சாட்டப்பட்டு, காவல் நிலையத்தில் இருந்து, அவர்களும் திருப்பி அனுப்பப்பட்டனர். லிவர்பூல் திரும்பியவர்களுக்கு மீண்டும் கதவைத் திறந்தது மோனாவின் கஸ்பா. 1960 டிசம்பர் 17-இல் அங்கும், பத்து நாள் கழித்து லிதர்லாந்து நகர மன்றத்திலும் வாசித்தபோது கேட்டவர்கள் திகைத்தார்கள். நான்கு மாதங்களுக்கு முன் போன பையன்கள் இவர்கள்தாமா என்று ஐயுற்றார்கள். அடுத்த ஒன்றரை ஆண்டு கேவர்ன் என்ற நிலவறை அரங்கில் மதிய வேளையிலும் இரவிலுமாகக் கச்சேரிகள். மோனா தொலைபேசியில் நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்தார்; வாத்தியங்கள் அவர் வீட்டில்தான் இறங்கின. சட்கிளிஃப் ஹாம்பர்க்கிலேயே தங்கி, 1962 ஏப்ரலில் 21 வயதில் இறந்துபோனார்.

1961 நவம்பர் 9 அன்று பிரையன் எப்ஸ்டைன் என்ற இசைத்தட்டுக் கடைக்காரர் கேவர்னுக்கு வந்தார். அவரே குழுவின் நிர்வாகியானார். தோலுடைகளைக் கழற்றி, மேலாடையும் கழுத்துப் பட்டையும் அணிவித்து, மேடையில் தின்பதையும் திட்டுவதையும் நிறுத்தினார். 1962 புத்தாண்டு நாளில் டெக்கா நிறுவனம் அவர்களைச் சோதித்துப் பார்த்துத் தள்ளிவிட்டது. பல வாயில்களைத் தட்டிய பின், ஜூன் 6 அன்று லண்டனில் இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடம் திறந்தது. அங்கே நான்கு பாடல்கள் பதிவாயின. ஒலிப்பதிவுத் தலைவர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு டிரம்ஸ் பிடிக்கவில்லை. மேடையில் எப்படியோ போகட்டும், பதிவுக்கு நான் ஒரு தொழில்முறைக் கலைஞரை அமர்த்திக்கொள்கிறேன் என்று அவர் நிர்வாகியிடம் சொன்னார். பீட்டை நீக்கும்படி அவர் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்றைய ‘லவ் மீ டூ’ பதிவு பிற்காலத்தில் வெளியிடப்பட்டது. அதைக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். பாட்டின் நடுவே தாளத்தின் நடை திடீரென மாறுகிறது; மீண்டும் பழைய நடைக்குத் திரும்பும்போது ஒரு தடுமாற்றம் இருக்கிறது. குழுவே சேர்ந்து செய்த ஏற்பாடாகவும் அது இருக்கலாம். எனினும் ஒலிவாங்கி கூடத்தைப்போல் கூட்டத்தை மட்டும் கேட்பதில்லை. ஒவ்வொரு விரலையும் தனித்தனியே கேட்கிறது. ஹாம்பர்க்கில் பலமாக இருந்தது லண்டனில் குறையாகிவிட்டது.

1962 ஆகஸ்ட் 16, வியாழக்கிழமை. ஹாம்பர்க் புறப்பட்ட நாளிலிருந்து சரியாக இரண்டு ஆண்டு. எப்ஸ்டைன் பீட்டைத் தம் அலுவலகத்துக்கு வரச்சொல்லி, மற்ற மூவரும் உம்மை விலக்க விரும்புகிறார்கள், ரிங்கோ ஸ்டார் வருகிறார் என்று தெரிவித்தார். மூவரில் ஒருவரும் அந்த அறையில் இல்லை. புதியவர் வரும்வரை ஓரிரு நாள் வாசித்துக் கொடுக்க இயலுமா என்ற கேள்வியும் அங்கேயே எழுந்தது. பீட் முதலில் சரி என்றார். வீடு சென்ற பின் மனம் ஒப்பவில்லை. அன்றிரவு அவர் வரவில்லை. கேவர்ன் வாசலில் இரசிகர்கள் பீட்டின் பெயரைச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். ஜார்ஜுக்குக் கண் வீங்கும்படி அடி விழுந்தது.

ஏன் நீக்கினார்கள்? வாசிப்பு போதவில்லை என்பர் சிலர். அவர் அமைதியானவர், மற்ற மூவரின் கேலியிலும் கும்மாளத்திலும் சேராதவர், அவர்களைப்போல் தலைமுடியை நெற்றியில் வாரிவிடவும் மறுத்தவர் என்பர் சிலர். பெண் இரசிகர்கள் அவர் பக்கமே திரும்பியது பொறாமையை வளர்த்தது என்பாரும், மோனாவின் தலையீட்டை எப்ஸ்டைனால் தாங்க முடியவில்லை என்பாரும் உளர். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். என் மனத்தில் படுவது இது: வாத்தியத்தில் ஒரு குறை இருந்ததும், அதைவிடத் திறமையாளர் கிடைத்ததும் மெய்யே, கலையில் இப்படிப்பட்ட மாற்றம் நேரத்தான் செய்யும். ஆனால் இரண்டு ஆண்டு ஒரே கிடங்கில் படுத்து ஒரே ரொட்டியைப் பகிர்ந்தவர்கள் அதை முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் செய்யாதது கோழைத்தனமே என்று ஜான் லெனான் பின்னாளில் தாமே ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்தில் எனக்கு நம் ஊர்ச் செய்தியொன்று நினைவுக்கு வருகிறது. ஊரின் பெயர் வேண்டாம். ஒரு பங்கில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் திருப்பலிக்குத் தபலா வாசித்தவர் ஒருவர். கூலி வேலை செய்பவர், ஞாயிறு தவறமாட்டார். ஒரு கிறிஸ்துமஸுக்கு முன் பாடகர் குழுவுக்குப் புதிய கீபோர்டு வாங்கினார்கள். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளம் தானே வரும்; பிழையே வராது. நள்ளிரவுத் திருப்பலிக்குத் துணி சுற்றிய தபலாவைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வந்தபோதுதான், வழக்கமாக அவர் உட்காரும் இடத்தில் ஒலிபெருக்கிப் பெட்டி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். குழுவில் ஒருவரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அப்போது அக்குழுவில் பாடிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். அவர் பின்வரிசையில் நின்று பூசை முழுவதும் கண்டுவிட்டுத்தான் போனார்.

ரிங்கோவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். ரிச்சர்ட் ஸ்டார்க்கி என்பது இயற்பெயர். ஏழைக் குடும்பம், பிள்ளைப் பருவத்தில் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவர், தாளம் கற்றதும் அந்தப் படுக்கையில்தான். அவர் வந்த பின் குழு ஓருடலாயிற்று என்பதைக் கேட்கிற எவரும் மறுக்க மாட்டார்கள். அவருக்கும் அதே கிண்ணம் நீட்டப்பட்டது. செப்டம்பர் 4-இல் அவர் வாசித்த பதிவும் நிறைவளிக்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் போனபோது ஆண்டி ஒயிட் என்ற தொழில்முறைக் கலைஞர் டிரம்ஸ் முன் அமர்ந்திருந்தார். ரிங்கோவின் கையில் ஒரு கஞ்சிரா கொடுக்கப்பட்டது. ஆனால் அவரை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

‘லவ் மீ டூ’ 1962 அக்டோபர் 5 அன்று வெளியாகி, விற்பனைப் பட்டியலில் 17-ஆம் இடத்தை எட்டியது. அதன்பின் நடந்ததை உலகம் அறியும். 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர்களை 7 கோடியே 30 இலட்சம் பேர் பார்த்தார்கள். ஏப்ரலில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதல் ஐந்து இடங்களும் அவர்களுடையவை. 1966-இல், கிறிஸ்துவைவிடத் தாங்கள் புகழ்பெற்றவர்கள் என்ற பொருளில் ஜான் ஒரு நேர்காணலில் சொன்ன வார்த்தை அமெரிக்காவில் பெரும் கொந்தளிப்பை எழுப்பியது. இசைத்தட்டுகள் கொளுத்தப்பட்டன, சிகாகோவில் ஜான் விளக்கமளித்து வருந்தினார். 2008-இல் வத்திக்கான் நாளேடே அதை எதிர்பாராப் புகழில் திக்குமுக்காடிய ஓர் இளைஞனின் வீறாப்பு என்ற அளவில் எடுத்துக்கொண்டது. நாமும் அதை விட்டுவிடலாம்.

இந்தியாவுக்கு அவர்கள் வந்ததைச் சொல்லாமலிருக்க முடியாது. 1966 ஜூலையில் மணிலாவிலிருந்து திரும்பும் வழியில் டெல்லியில் இறங்கினர். ஜார்ஜ் நல்லதொரு சித்தார் வாங்கினார். 1968 பிப்ரவரியில் தியானம் பயில ரிஷிகேசம் வந்தனர். உணவு ஒத்துக்கொள்ளாது என்று பெட்டி நிறைய அவரை டின்களோடு வந்த ரிங்கோ இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட்டார். இந்தியாவைத் தேடி உலகமே அவர்கள் பின்னால் வந்த அந்நாளில், அவர்களில் இந்தியாவில் பிறந்த ஒரே ஒருவர் லிவர்பூலில் இரவுப் பணியில் ரொட்டி மூட்டைகளை லாரியில் ஏற்றிய நாட்களைக் கடந்து, குடும்பத்தைக் காக்க நிலையான வேலை தேடிக்கொண்டிருந்தார்.

மதராஸுக்கு இன்னொரு பிள்ளையும் உண்டு. 1936 மே மாதம் அங்கே பிறந்த ஆர்னால்ட் ஜார்ஜ் டார்சி, போருக்குப் பின் பெற்றோருடன் லெஸ்டர் நகருக்குப் போனவர், எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் என்ற மேடைப் பெயரால் புகழ்பெற்றார். 1967-இல் அவர் பாடிய ‘ரிலீஸ் மீ’ இங்கிலாந்தில் ஆறு வாரம் முதலிடத்தை விடாமல் பற்றிக்கொண்டது. அதனால் இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது பீட்டில்ஸ் குழுவின் ‘பென்னி லேன்’. ஒரு மதராஸ்காரரை வெளியேற்றியவர்களை இன்னொரு மதராஸ்காரர் தடுத்து நிறுத்தினார் என்று என் மூதாட்டி சொல்லிச் சிரித்திருப்பார். இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

பீட் உடனே இசையை விட்டுவிடவில்லை. வேறு குழுவில் சேர்ந்தார், தம் பெயரிலேயே ஒன்று நடத்தினார், அமெரிக்காவுக்கும் போனார். எதுவும் நிலைக்கவில்லை. 1960-களின் நடுவில் ஒருநாள் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ள முற்பட்டபோது, தாயும் தம்பியும் கதவைத் தள்ளித் திறந்து காப்பாற்றினார்கள். இதை அவரே பின்னர் மறைக்காமல் சொன்னார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் லிவர்பூலில் அரசின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பணியாற்றினார். வேலை இழந்து வரிசையில் நிற்பவர்களுக்கு வேறு வேலை தேடிக் கொடுப்பதே அவர் கடமை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் அவரிடம் படிவம் நிரப்பிப் போனார்கள்.

மோனா 1988 செப்டம்பரில் மறைந்தார். அவ்வாண்டில்தான் பீட் மீண்டும் டிரம்ஸ் முன் அமர்ந்தார். தம்பியையும் சேர்த்துக்கொண்டு தம் பெயரில் குழு அமைத்துப் பல நாடுகளில் வாசித்தார். 2025-இல் ஓய்வு பெறுவதாக அறிவிப்பு வந்தபோது அவருக்கு வயது 83.

1995 நவம்பரில் பீட்டில்ஸ் குழுவின் பழைய பதிவுகள் ‘ஆந்தாலஜி’ என்ற வரிசையின் முதல் தொகுப்பாக வெளிவந்தன. அதில் பத்துப் பாடல்களில் டிரம்ஸ் வாசித்திருப்பவர் பீட். முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவருக்கு உரிய தொகையும் கிடைத்தது. அத்தொகுப்பின் அட்டையில் பழைய சுவரொட்டிகளையும் படங்களையும் கிழித்து ஒட்டியதுபோல் ஓவியம் அமைத்திருந்தார்கள். அதில் ஹாம்பர்க் காலத்துக் குழுவின் படம் ஒன்றுண்டு. பீட்டின் முகம் இருந்த இடம் மட்டும் கிழிக்கப்பட்டு, அந்தத் துளையில் ரிங்கோவின் முகம் தெரிகிறது. பதின்மூன்று ஆண்டு கழித்து, 2008-இல், பீட் தம் குழுவின் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘ஹேமன்ஸ் கிரீன்’. அதன் அட்டைப்படமோ, அன்று கிழித்தெடுக்கப்பட்ட அந்தச் சிறு துண்டு.